செவ்வாய்க்குப் போனவர்கள்

எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. எது எந்த வயிற்றில் பிறந்தது என்று வெளியாள் யாரும் கண்டுபிடித்துவிட முடியாது, அப்படி வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெயர் எழுதுவேன், பஸ்ஸில் போர்டு படிப்பேன், அதற்கு மேல் கை ஓடாது. வாய் ஓடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனும் பேத்தியும் ஒரு சினிமாவுக்குப் போய்விட்டு வந்து வீட்டை இரண்டாக்கினார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் போகிற படமாம். பேரனுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. படத்தில் காட்டினது எல்லாம் அசல் விஞ்ஞானம் என்கிறான். பேத்தி படூரில் காலேஜ் படிக்கிறாள். அத்தனையும் கப்சா, அங்கே அந்த மாதிரி காற்றே அடிக்காது என்கிறாள். குழம்பு ஆறிப்போய்விட்டது. நான் ஒன்றுதான் கேட்டேன், போனவன் திரும்பி வந்தானா என்று. இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "இன்னா ஆயா, அதுவா இப்போ மேட்டர்?" என்றான் பேரன்.

அதுதான் மேட்டர். நீங்கள் இரண்டு பேர் சண்டை போட்டீர்கள். இதே மாதிரி ஒரு படத்துக்கு எங்கள் குப்பம் முழுக்க இரண்டாக நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். நிலாவில் ஆள் இறங்கின பேச்சு ஓய்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வரும். மழைக்காலம் முடிந்து மண் காய்ந்ததும் தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு டென்ட் கொட்டகை போடுவார்கள். தரை மணல். நடுவில் தட்டி வைத்து மறைத்து, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மெஷின் ஒன்றே ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் படம் நின்றுபோகும். விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுகிற வரைக்கும் நாங்கள் முறுக்கு தின்போம். படம் ஓட்டுகிறவர் ஒருத்தர். டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், மைக்கில் பேசுவதும் அவர்தான்.

படத்துக்கு வருமுன் எங்கள் வீட்டைச் சொல்லவேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு கட்டுமரம். எந்த நாளும் சேர்ந்துதான் போவார்கள். அந்த ஐப்பசியில் நைனாவின் காலில் திருக்கை முள் ஏறிக் கால் வீங்கிப் படுத்துக் கிடந்தார். சித்தப்பா தனியாக மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மத்தியானம் வாடைக் காற்று மாறி அடித்தது. மரத்தில் இரண்டு கட்டைகள் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் ஒதுங்கின. ஆள் ஒதுங்கவில்லை.

ஆள் போய்விட்டான் என்று ஊரெல்லாம் நான்கு நாளில் முடிவுக்கு வந்துவிட்டது. நைனா வரவில்லை. கால் ஆறினதும் புதுச்சேரி வரைக்கும், இந்தப் பக்கம் பழவேற்காடு வரைக்கும் போய் ஒவ்வொரு குப்பமாகக் கேட்டுவிட்டு வந்தார். கப்பல்காரன் எவனாவது தூக்கியிருப்பான், ஆந்திராப் பக்கம் எங்கேயாவது கரை ஏறியிருப்பான் என்பார். ஆள் கிடைக்காமல் போனால் அவன் துணியை வைத்துக் காரியம் செய்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. ஆனால் வீட்டுக்குப் பெரிய ஆண்பிள்ளை, போனான் என்று தன் வாயால் நாட்டாரிடம் சொல்லவேண்டும். நாட்டார் என்றால் குப்பத்துக்குத் தலைவர். நைனா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் சித்தப்பா கடலில்தான் இருக்கிறார், மீன் பிடித்துக்கொண்டு.

அதனால் மாட்டிக்கொண்டது சித்தி. அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. மரம் கரைக்கு வருகிற நேரத்துக்கு வீட்டுக்காரி கஞ்சித் தூக்கோடு போய் நிற்கவேண்டும், அது எங்கள் பக்கத்து முறை. சித்தி தினம் விடிகிற வேளைக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போவாள். எல்லா மரமும் வந்தபின் திருப்பிக் கொண்டுவருவாள். புருஷன் கடலில் இருக்கும்போது அவள் வெளியூரில் தங்கக்கூடாது, அதனால் கோவளத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கும் போகமுடியாது. அவள் அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள். சித்தி தாலியோடு வாழ்கிறவளும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை. திரும்பி வருகிற கஞ்சியை நானும் என் தம்பியும் குடிப்போம். சித்தப்பா பங்கு என்பதால் அதில் கருவாடு கொஞ்சம் பெரிதாக இருக்கும். எங்களுக்குக் கொண்டாட்டம்.

இந்த நிலைமையில்தான் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. படப்பெட்டி செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும். எங்களுக்கு வரவேண்டிய பெட்டி எங்கேயோ போய், எங்கேயோ போகவேண்டிய இங்கிலீஷ் படம் எங்களுக்கு வந்துவிட்டது. படம் ஓட்டுகிறவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல், வெள்ளைக்காரன் செவ்வாய்க் கிரகம் போகிறான், கதையை மைக்கில் தமிழில் சொல்கிறோம், வாருங்கள் என்று தண்டோரா போட்டார்.

அம்மா சித்தியைக் கிளப்பினாள். புருஷன் கடலில் இருக்கிறவள் சினிமா பார்க்கலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா இழுத்தாள். அம்மா விடவில்லை. "பாட்டு இல்ல, ஆட்டம் இல்ல, ஒரு எழவும் புரியப்போறதில்ல. இதுல இன்னா சினிமா கீது? பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரிதான்" என்றாள். பெரியம்மாவும் யோசித்துவிட்டு, அப்படியானால் நானும் வருகிறேன் என்று முறுக்குப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டாள். நைனா வரவில்லை. தம்பி போனதிலிருந்து அவர் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

படம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மூன்று வெள்ளைக்காரர்கள். முதலில் ஒத்திகை. வெண்கலப் பானை மாதிரி ஒன்றில் அவர்களை உட்காரவைத்து மேலேயிருந்து கடலில் போடுகிறார்கள். பானை மிதக்கிறது. படகுகள் ஓடிவந்து மூன்று பேரையும் ஏற்றிக்கொள்கின்றன. அவர்கள் கை ஆட்டிச் சிரிக்கிறார்கள். கடலைப் பார்த்ததும் ஆண்கள் பக்கத்தில் ஒரே விசில். "துடுப்பு எங்கடா, துடுப்பு?" என்று ஒருத்தர் கத்தினார். அப்புறம் அசல் பயணம். புகை, நெருப்பு, இருட்டு. அப்புறம் செவப்பு மண். அங்கே அவர்கள் நாள் கணக்காக அலைகிறார்கள். தாடி வளர்கிறது, கண் உள்ளே போகிறது. வீட்டில் ஒருத்தன் பெண்டாட்டி ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அந்த ரேடியோ நின்றுபோகிறது. பெரிய பெரிய அதிகாரிகள் வந்து அவள் எதிரில் தொப்பியைக் கழற்றுகிறார்கள். மூன்று பெட்டி வைத்து மண்ணுக்குள் இறக்குகிறார்கள். பெட்டிக்குள் ஆள் இல்லை, காலிப்பெட்டி என்று மைக்கில் சொன்னார். அந்தப் பெண் ஒரு பிடி மண் போடுகிறாள். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு காரில் ஏறிப் போகிறாள். அவ்வளவுதான் படம்.

பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். சித்தி அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் விடிந்தபோது அவள் கஞ்சித் தூக்கைத் தொடவில்லை. அடுப்பங்கரையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நைனா காதில் விழுகிற மாதிரி அம்மாவிடம் சொன்னாள். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அப்போது இல்லை.

"அக்கா, மாமாகிட்ட சொல்லு. அவங்க ஊர்ல காலிப் பொட்டிய பொதைக்கிறாங்க. ஆளு கெடைக்கலயேன்னு ஒருத்தரும் குந்திகினு இல்ல. எனக்கும் அந்த மாதிரி பண்ணி வுட்டுட சொல்லு."

நைனா பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "எவனோ சினிமாக்காரன் பொட்டிய பொதச்சான்னு என் தம்பிய நான் பொதைக்கணுமா? அவன் வருவான். கஞ்சிய எடுத்துகினு போவ சொல்லு" என்றார்.

சித்தி போகவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கஞ்சியும் இல்லை, பெரிய கருவாடும் இல்லை. நான் சித்தியின் மேல் கோபமாக இருந்தேன்.

அதற்குள் குப்பம் முழுக்கப் படப் பேச்சுதான். மணலில் வலை பின்னுகிற இடத்தில் வாய் ஓயவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஒரு மாமா இருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும். "அத்தினியும் டூப்பு மச்சான். செங்கல்பட்டுத் தாண்டி செம்மண் குவாரி கீது பாரு, அங்க எடுத்துகீறான். நான் லாரில போம்போது பாத்த எடம்" என்றார். நிலாவுக்குப் போனவனுக்குச் செவ்வாய் எம்மாந்தூரம் என்று இன்னொருத்தர் பாய்ந்தார். பெரியம்மாவுக்கு வேறு கவலை. தன் மகள் கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிவைத்த கிரகம் அது, அங்கே போனவன் ஒரு தடவை காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம் என்றாள்.

ஆனால் இதெல்லாம் சும்மா. ஊர் உண்மையிலேயே கட்சி பிரிந்தது காலிப்பெட்டி விஷயத்தில்தான். அவசரப்பட்டுப் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. ரேடியோ ரிப்பேராகியிருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கவேண்டும் என்றார்கள். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் அந்தக் கட்சியில் சேரவில்லை. "பாத்துகினே இருந்தா அந்தப் பொண்ணு ரேடியோவ கட்டிகினே கெழவி ஆவணுமா? நீங்களா வந்து சோறு போடுவீங்க?" என்று பெரியம்மா மீன் கூடையைத் தொப்பென்று இறக்கிவைத்துக் கேட்டாள். யாரும் சித்தி பெயரைச் சொல்லவில்லை. நைனா தூரத்தில், புதிதாகக் கட்டின மரத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்ந்தால் பேச்சு குறையும், குனிந்தால் ஏறும். வெள்ளைக்காரப் பெண்ணுக்காக நம் ஊர்ப் பொம்பளைகள் இப்படி வரிந்துகட்டுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

சித்தி அம்மாவை அனுப்பி நாட்டாரிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் நல்ல மனுஷன். "நான் இன்னா பண்றது தாயி? அண்ணங்காரன் வாயத் தொறக்கணும்" என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நைனாவுக்கு நல்ல மீன்பாடு. இரண்டு வஞ்சிரம், ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். ஏலத்தில் வைக்காமல் இரண்டையும் ஓலையில் கோத்துக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கொட்டகை வாசலில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு மெஷின் இருக்கிற கொட்டாய்க்குள் போனார். படம் ஓட்டுகிறவர் முதலில் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். நைனா பேசிக்கொண்டே இருந்தார். அவர் யாரிடமும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்த ஆள் மீனைப் பார்த்தார், நைனா முகத்தைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார். மீன் உள்ளே போயிற்று. கைக்கு ஒன்றும் வரவில்லை. நைனாவுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நைனா தானாகவே சொன்னார், எல்லாரும் படத்துக்குக் கிளம்புங்கள் என்று. அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்த படம்தானே?" என்றதற்கு, "நான் பாக்கல இல்ல? அவளையும் இட்டுகினு வா" என்றார். நைனா கொட்டகைக்குப் போகிறார் என்பது ஊருக்குப் பெரிய சேதி. அன்றைக்குப் பாதிக் குப்பம் அங்கே இருந்தது. ஏற்கனவே பார்த்தவர்கள், பேச்சைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் எல்லாரும்.

ஆட்டம் ஆரம்பித்தது. கடலில் பானையைப் போடுகிற ஒத்திகை அன்றைக்கு வரவே இல்லை. நேராகப் புகையும் நெருப்பும். ரீல் அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள், எங்கள் கொட்டகையில் அது சகஜம். செவப்பு மண், தாடி, அலைச்சல், பெண்டாட்டி, ரேடியோ எல்லாம் முறையாக வந்தது. ரேடியோ நின்றது. விளக்கு எரிந்தது, கடைசி ரீல் மாட்டினார்கள். நான் பெட்டிக்காகக் காத்திருந்தேன். பெட்டி வரவில்லை. கடல் வந்தது. பானை மேலேயிருந்து விழுந்து மிதந்தது. படகுகள் ஓடிவந்தன. மூன்று பேரும் கை ஆட்டிக்கொண்டு ஏறினார்கள். "செவ்வாய்க்குப் போனவங்க நல்லபடியா ஊர் திரும்பிட்டாங்க. சுபம்!" என்று மைக் சொன்னது.

புதிதாக வந்தவர்கள் கை தட்டினார்கள். முன்பே பார்த்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பிடித்தது பாருங்கள் சண்டை.

"டேய், அன்னிக்கி செத்தவன் இன்னிக்கி எப்டிடா வந்தான்?"

"நீ தூங்கிட்டிருப்ப மச்சான். வாயத் தொறந்துகினு குறட்டை வுட்டத நான்தான் பாத்தேனே."

"பொட்டிய பொதச்சாங்கடா! இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!" இது பெரியம்மா. "வயசாயிட்டா எதப் பாத்தாலும் பொட்டியாட்டம்தான் தெரியும்" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பெரியம்மா தட்டியை மிதித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மெட்ராஸ் மாமா, பட்டணத்தில் ஒரே படத்துக்கு இரண்டு முடிவு வைப்பதுண்டு என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். வந்தார்கள், வரவில்லை, வந்தார்கள், வரவில்லை என்று கொட்டகையே கிழிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ரேடியோ ரிப்பேர் என்று சொன்ன கட்சி சரியாகிவிட்டது, போனவர்கள் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நைனா எழுந்தார். அவர் எழுந்ததும் சத்தம் அடங்கியது.

"வந்துட்டாங்க. எல்லாரும் பாத்தீங்க இல்ல?" என்றார். பெண்கள் பக்கம் திரும்பி, சித்தியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "உன் தங்கச்சியக் கேளு. ரேடியோ நின்னுச்சி, ஆனா ஆளு வந்துச்சா இல்லியா? அவளையே சொல்லச் சொல்லு."

எல்லாத் தலையும் சித்தி பக்கம் திரும்பியது. வந்தார்கள் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் தூக்கை எடுத்துக்கொண்டு கரையில் நிற்கவேண்டியதுதான். அதற்கப்புறம் எத்தனை வருஷமோ. அம்மாவுக்கு அது புரிந்தது, அவள் சித்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தி மணலிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அவசரமே இல்லை.

"அக்கா, அது போற மொகம். வர்ற மொகம் இல்ல" என்றாள்.

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. சித்தி தொடர்ந்தாள். "அந்த மண்ணுல நிக்கும்போது தாடி கீது. கண்ணு குழி வுழுந்து கீது. படகுல ஏறும்போது பாரு, மழமழன்னு செரைச்சிகினு கீறான். ஒதடு வெடிக்கல, தோள்ல தோலு உரியல. காலைல எழுந்து நாஸ்தா துன்னுட்டு வந்தவன் சிரிக்கிற மாதிரி சிரிக்கிறான். கரைக்கு வர்றவன் சிரிப்பானா? மொதல்ல தண்ணியதான கேப்பான். நாம பாக்காத மொகமாக்கா?"

எங்கள் ஊரில் மரம் கரையேறும்போது பெண்கள் மீனைப் பார்க்குமுன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கொட்டகையில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் புருஷன் முகத்தை, அண்ணன் முகத்தை, மகன் முகத்தை அப்படிப் பார்த்தவள்தான். பெரியம்மா ஆண்கள் பக்கத்திலேயே நின்றபடி மெதுவாக, "ஆமாண்டி" என்றாள். அவ்வளவுதான். வந்தார்கள் என்ற கட்சியில் ஒரு ஆள் மிச்சமில்லை. சண்டை முடிந்துவிட்டது. மைக்கை யாரோ அணைத்தார்கள்.

கடைசி ரீலைப் படப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு ஒத்திகை ரீலை முடிவில் ஓட்டின விஷயமும், அதற்கு இரண்டு வஞ்சிரம் கைமாறின விஷயமும் அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று. ஏமாற்றிவிட்டான் என்று ஒருத்தரும் கொட்டகைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. சும்மா இருக்கும்போதே சண்டைக்கு நிற்கிற ஊர் அது. அன்றைக்கு எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நைனா பக்கம் பார்க்காமல் வரிசையாக வெளியே போனார்கள். நைனா கடைசியாக வந்தார். சித்தி என் தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாளே என்று நான் அவளோடு ஒட்டாமல் தள்ளியே நடந்தேன்.

காலையில் நைனா கடலுக்குப் போகவில்லை. குளித்துவிட்டு நாட்டார் வீட்டுக்குப் போனார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. வெளியே வந்தபோது நாட்டார் அவர் தோளில் கைபோட்டுக் கூட நடந்துவந்தார். சித்தப்பாவின் ஒரு சட்டை, ஒரு கைலி, அவர் போடுகிற ஓலைக் குல்லாய். அவற்றை வைத்துக் காரியம் செய்து, மரத்தில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நைனாதான் துடுப்புப் போட்டார். சித்திக்குச் செய்யவேண்டிய முறைகளைப் பெண்கள் சுற்றி நின்று செய்தார்கள். அவள் அன்றைக்குத்தான் அழுதாள். சத்தம் போட்டு, மணலில் புரண்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டபோது அவள் சின்னப்பெண் மாதிரி இருந்தாள். பிறகு கோவளத்துக்குப் போய்விட்டாள். அங்கேயே மீன் கூடை தூக்கினாள். சில வருஷம் கழித்து ஒருத்தரைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளை பெற்றாள். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோனவர் எங்கள் நைனாதான். அது இருக்கட்டும்.

காரியம் நடந்த அன்று சாயங்காலம் நைனாவைக் காணோம். விளக்கு வைக்கிற நேரம். வந்த சனம் எல்லாம் சாப்பிட்டுவிட்டது, அவர் மட்டும் சாப்பிடவில்லை. போய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னை அனுப்பினாள். மரத்தடியில் இல்லை, நாட்டார் வீட்டில் இல்லை. தோப்புப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. போய்த் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

படத்துக்கு அதுதான் கடைசி நாள். கூட்டமே இல்லை. ஊர்க்காரர்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை. நைனா ஒருத்தர் திரைக்கு மிகவும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். தலை மொட்டை, மேலே ஈரத்துண்டு. படம் பழையபடி முறையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒத்திகை ரீல்தான். பானை கடலில் விழுந்தது, படகுகள் ஓடின, மூன்று பேரும் கை ஆட்டிக்கொண்டு ஏறினார்கள். நைனா முட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. அவர் எழுந்து மணலைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, படம் இப்பத்தான ஆரம்பிச்சிது? அதுக்குள்ள வந்துட்ட?" என்றேன்.

"எனக்கு அவ்ளோதான் வேணும். வா, போலாம்" என்றார்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு முதல் ரீலோடு எழுந்து வருகிற மனுஷனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாவம், இன்றைக்கு அலுப்பில் பாதியில் வந்துவிட்டார், கதையாவது கேட்கட்டும் என்று, தோப்பு வழியாக வரும்போது மிச்சக் கதை முழுவதையும் நானே அவருக்குச் சொன்னேன். நெருப்பைச் சொன்னேன், செவப்பு மண்ணைச் சொன்னேன், தாடியைச் சொன்னேன். ரேடியோ நின்றுபோனதைச் சொன்னேன். காலிப்பெட்டியை மண்ணுக்குள் எப்படி இறக்கினார்கள், அந்தப் பெண் எப்படி ஒரு பிடி மண் போட்டாள் என்று நின்று கையால் செய்துகாட்டினேன். நைனா ஒன்றையும் நிறுத்தவில்லை. "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். படத்தில் நல்ல கட்டம் எல்லாம் பின்னால்தான் வருகிறது, அதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எழுந்து வந்துவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரே இரக்கம்.

போதும் கண்ணு, பேனாவை வை. எங்கே, எனக்கு அறுபத்து மூன்று வயது என்பதிலிருந்து நிதானமாகப் படி. நைனா பேசுகிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.